வெளிநாட்டில் கார் ஓட்ட எந்த ஆவணம் வேண்டும்? ஐடிபி எங்கே உதவும், எங்கே உதவாது

"ஐடிபி எடுத்தாச்சா?" வெளிநாட்டில் கார் ஓட்டும் எண்ணத்தோடு கிளம்புகிறவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. சர்வதேச ஓட்டுநர் அனுமதியின் சுருக்கம்தான் ஐடிபி. பதில்கள்தான் ஒன்றோடொன்று மோதுகின்றன. லண்டனில் படிக்கும் தம்பி, "நம்ம ஊர் லைசென்ஸே போதும்" என்கிறான். துபாயில் வேலை பார்க்கும் மாமா, "இங்கே ஐடிபியெல்லாம் செல்லாது" என்கிறார். ஜப்பானுக்குச் சுற்றுலா போய்வந்தவரோ, "அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் வாடகைக் கார் கிடைக்கவே கிடைக்காது" என்கிறார். மூவர் சொல்வதும் சரிதான். அவரவர் இருந்த நாட்டுக்கும், அவரவர் அங்கே இருந்த நிலைக்கும் அது சரி.

குழப்பத்துக்குக் காரணம், எந்த நாட்டுக்குப் போகிறோம் என்பதை மட்டும் பார்ப்பதுதான். அந்த நாட்டுச் சட்டம் நம்மை வந்துபோகிறவராகக் கருதுகிறதா, குடியிருப்பவராகக் கருதுகிறதா என்பது அதைவிட முக்கியம். நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதைப் புரிந்துகொள்ள, ஐடிபி என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## ஐடிபி தனி உரிமம் இல்லை

சர்வதேச ஓட்டுநர் அனுமதியின் சுருக்கம்தான் ஐடிபி. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் லைசென்ஸின் விவரங்களை, எல்லா நாடுகளும் அறிந்த ஒரு வடிவத்தில், பல மொழிகளில் எடுத்துச் சொல்லும் சிறு புத்தகம்தான் ஐடிபி. வண்டி ஓட்டும் உரிமை மூல லைசென்ஸிலிருந்துதான் வருகிறது. இதிலிருந்து சில விஷயங்கள் தாமாகவே பிறக்கின்றன.

1. மூல லைசென்ஸைக் காட்டாமல் ஐடிபியை மட்டும் நீட்டினால் பயனில்லை. இரண்டும் கையில் இருக்க வேண்டும்.
2. லைசென்ஸ் காலாவதியானால், ஐடிபியில் இன்னும் எட்டு மாதம் பாக்கி இருந்தாலும் அது செல்லாது.
3. லைசென்ஸில் இல்லாத வாகன வகை ஐடிபியில் வராது. கார் மட்டும் ஓட்டத் தகுதி பெற்றவருக்கு பைக் பிரிவில் முத்திரை விழாது.
4. ஐடிபி, அதைக் கொடுத்த நாட்டுக்குள் செல்லாது.

டிஜிலாக்கர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். இந்தியாவுக்குள் டிஜிலாக்கர், எம்பரிவாகன் ஆகிய அரசுச் செயலிகளில் இருக்கும் லைசென்ஸை அசலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்பது அரசின் அறிவுறுத்தல். வெளிநாட்டுப் போலீசுக்கு அது பொருந்தாது. அட்டையை வீட்டில் வைத்துவிட்டு போனை மட்டும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள்.

## 1949-ம் 1968-ம்

உங்கள் ஐடிபியை இன்னொரு நாடு ஏற்பதற்கு அடிப்படை, இரு நாடுகளும் சேர்ந்திருக்கும் சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம். இன்று பெரிதும் நடைமுறையில் இருப்பவை இரண்டு: 1949 செப்டம்பரில் கையெழுத்தான ஜெனீவா ஒப்பந்தம், 1968 நவம்பரில் கையெழுத்தான வியன்னா ஒப்பந்தம். ஜெனீவா வடிவ ஐடிபிக்குச் சாம்பல் நிற அட்டை, உள்ளே வெள்ளைப் பக்கங்கள், கடைசிப் பக்கம் பிரெஞ்சில். ஆயுள் ஒரு வருடம். வியன்னா வடிவத்துக்கு அதிகபட்சம் மூன்று வருடம்.

இந்தியா ஜெனீவா ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கிறது. இங்கே வழங்குவதும் அந்த வடிவம்தான். முன்பெல்லாம் அதன் அளவு, நிறம், அமைப்பு எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டன. அதனால் வெளிநாடுகளில் பலர் சிரமப்பட்டார்கள். 2022 ஆகஸ்ட் 26 அன்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிவிப்பு, நாடு முழுக்க ஒரே வடிவம் என்று மாற்றியது. லைசென்ஸோடு இணைக்கும் க்யூஆர் கோடும் அப்போது வந்ததுதான்.

வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜப்பான் நல்ல உதாரணம். அந்த நாடு 1949 வடிவத்தை மட்டுமே ஏற்கும். ஆகவே இந்திய ஐடிபி அங்கே செல்லும். 1968 வடிவத்தை வழங்கும் ஜெர்மனி, பிரான்ஸ் நாட்டுக்காரர்களின் ஐடிபி அங்கே செல்லாது. அவர்கள் தங்கள் லைசென்ஸுக்கு ஜப்பானிய மொழிபெயர்ப்பு வாங்கித்தான் ஓட்ட முடியும். வியட்நாமில் நிலைமை தலைகீழ். 2014-ல் வியன்னா ஒப்பந்தத்தில் சேர்ந்த அந்த நாடு 1968 வடிவத்தைக் கேட்கிறது. சீனா இரண்டிலும் இல்லை. அங்கே எந்த ஐடிபியும் உதவாது. உள்ளூரில் தற்காலிக அனுமதி வாங்க வேண்டும். இன்னொரு பக்கம், ஜெர்மனி 1949 ஒப்பந்தத்தில் சேராவிட்டாலும் தன் உள்நாட்டு விதியில் அந்த வடிவ ஐடிபியையும் ஏற்கிறது. ஆக, ஒப்பந்தப் பட்டியலைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. போகிற நாட்டின் போக்குவரத்துத் துறை என்ன சொல்கிறது என்பதே கடைசி வார்த்தை.

## மூன்று கெடு

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். வெளிநாட்டில் ஓட்டும் உரிமைக்கு மூன்று கெடு உண்டு.

முதல் கெடு, லைசென்ஸுடையது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 30 வயதுக்குள் லைசென்ஸ் எடுத்தவருக்கு 40 வயது வரை அது செல்லும். 30-லிருந்து 50-க்குள் எடுத்தால் பத்து வருடம். 50-லிருந்து 55-க்குள் எடுத்தால் 60 வயது வரை. அதற்கு மேல் ஐந்தைந்து வருடமாக. காலாவதியாவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். காலாவதியாகி ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டும். நீண்டகாலம் வெளியூரில் இருக்கப்போகிறவர்கள் கிளம்பும் முன் இந்தத் தேதியைப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது கெடு ஐடிபியின் ஒரு வருடம்.

மூன்றாவது கெடு, போய் இறங்கும் நாடு தருவது. "வெளிநாட்டு லைசென்ஸை வைத்து இத்தனை மாதம் ஓட்டலாம், அதன்பின் எங்கள் லைசென்ஸ் வேண்டும்" என்பது.

இந்த மூன்றில் எது முதலில் முடிகிறதோ, அதோடு உங்கள் உரிமையும் முடிகிறது. 2021 ஜனவரியில் மத்திய அரசு ஒரு நல்ல வசதி கொண்டுவந்தது: வெளிநாட்டில் இருக்கும்போது ஐடிபி காலாவதியானால், அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாகவே விண்ணப்பிக்கலாம், ஊரிலுள்ள ஆர்டிஓ அதை அனுப்பிவைக்கும். பலர் இதை, இன்னும் ஒரு வருடம் ஓட்டக் கிடைத்த அனுமதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. அது இரண்டாவது கெடுவை மட்டுமே நீட்டிக்கும். மூன்றாவதைத் தொடாது.

ஊருக்கு வந்து புது ஐடிபி எடுத்துக்கொண்டு திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்குமா என்ற கேள்வியும் உண்டு. ஜப்பான் இதற்குத் தெளிவாகவே பதில் வைத்திருக்கிறது. அங்கே குடியிருப்பாளராகப் பதிவானவர் மூன்று மாதத்துக்குக் குறைவாக வெளியே போய்வந்தால், பழைய கணக்குதான் தொடரும்.

## குடியிருப்பவராக மாறும்போது

வியன்னா ஒப்பந்தத்தின் 41-வது பிரிவே இதற்கு வழிவிடுகிறது. ஒருவர் தன் வழக்கமான வசிப்பிடத்தை இன்னொரு நாட்டுக்கு மாற்றிவிட்டால், அவருடைய பழைய லைசென்ஸை ஏற்க வேண்டிய கட்டாயம் அந்த நாட்டுக்கு இல்லை. ஐடிபி வந்துபோகிறவர்களுக்கான ஏற்பாடு என்பது இதிலேயே தெரிகிறது. ஒவ்வொரு நாடும் இந்த எல்லையை ஒவ்வொரு இடத்தில் போடுகிறது.

பிரிட்டனில் 12 மாதம். செல்லத்தக்க இந்திய லைசென்ஸோ இலங்கை லைசென்ஸோ இருந்தால் அதுவரை கார் ஓட்டலாம்; ஐடிபி கட்டாயமில்லை. 12 மாதம் முடிந்த மறுநாள் அந்த உரிமை இல்லை. லைசென்ஸைக் கொடுத்து மாற்றிக்கொள்ளும் வசதி சில நாட்டுக்காரர்களுக்கு உண்டு. அந்தப் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் இல்லை. புரொவிஷனல் லைசென்ஸ் (கற்றுக்கொள்பவருக்கான உரிமம்), தியரி, சாலைத் தேர்வு என்று முதலிலிருந்து வர வேண்டும். சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், கனடா அந்தப் பட்டியலில் இருக்கின்றன. துபாயில் டெஸ்ட் எழுதி லைசென்ஸ் வாங்கிய ஒருவர் பின்னால் லண்டனுக்குக் குடிபெயர்ந்தால், இந்திய லைசென்ஸை ஒதுக்கிவிட்டு துபாய் லைசென்ஸைக் கொடுத்து மாற்ற விண்ணப்பிக்கலாம். ஆனால் தேர்ச்சி எந்த நாட்டில் பெற்றது என்று கேட்பார்கள். பட்டியலில் இல்லாத நாட்டு லைசென்ஸை வேறோர் இடத்தில் மாற்றி வாங்கியிருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

சாலைத் தேர்வுக்குத் தேதி கிடைக்கப் பல மாதம் ஆகிற நிலை பிரிட்டனில் இருக்கிறது. 11-வது மாதத்தில் யோசித்தால் நேரம் போதாது. குடும்பத்தோடு போகிறவர்கள், குழந்தையைப் பள்ளியில் விட, வேலைக்குப் போக என்று காரை நம்பி வாழ்க்கையை அமைத்த பிறகு அது திடீரென்று நிற்பது சின்ன விஷயம் இல்லை. போன சில மாதங்களிலேயே புரொவிஷனலுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். 12 மாதத்துக்குள் இருக்கிறவரை, புரொவிஷனல் வாங்கினாலும் பழைய உரிமை குறையாது.

ஜெர்மனியில், குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம். ஒரு வருடத்துக்குக் குறைவாகத்தான் தங்குவேன் என்று நிரூபித்தால் அதை நீட்டிக்கக் கேட்கலாம். அதுவரை லைசென்ஸோடு ஐடிபியோ மொழிபெயர்ப்போ வைத்திருக்க வேண்டும். பிறகு கண் பரிசோதனை, முதலுதவி வகுப்பு, எழுத்துத் தேர்வு, சாலைத் தேர்வு எல்லாம் உண்டு. இந்திய லைசென்ஸ் இருப்பதால் கிடைக்கும் ஒரே சலுகை, இத்தனை மணிநேரம் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதது.

அமீரகத்தில் எல்லை இன்னும் கறாரானது. விசிட் விசாவில் போனவர் இந்திய லைசென்ஸும் ஐடிபியும் காட்டி வாடகைக் கார் எடுக்கலாம். ரெசிடென்ஸ் விசா வந்ததும் அந்த உரிமை போய்விடும். நேற்று ஓட்டியவர் இன்று ஓட்ட முடியாது. நேரடியாக மாற்றிக்கொள்ளும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை என்பதால் பயிற்சி, டெஸ்ட் என்றுதான் போக வேண்டும். பழைய லைசென்ஸில் இருக்கும் அனுபவ வருடங்களைப் பொறுத்துப் பயிற்சி நேரம் குறையும். அந்த ஒரு காரணத்துக்காகவாவது ஊர் லைசென்ஸைப் பத்திரமாகக் கொண்டுபோக வேண்டும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குடியேறியவருக்கு 60 நாள். டொராண்டோ பகுதியில் தமிழர்கள் நிறைய இருப்பதால் அங்கே ஜி1 எனும் முதல் கட்ட லைசென்ஸுக்கான எழுத்துத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். இந்தியாவோடும் இலங்கையோடும் நேரடி மாற்றத்துக்கு ஒப்பந்தம் இல்லை. ஆனால் முந்தைய அனுபவத்தைக் கணக்கில் எடுக்கிறார்கள். ஒரு வருடம் வரை நீங்களே அறிவிக்கலாம். அதற்கு மேல் என்றால் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்திடமிருந்தோ தூதரகத்திடமிருந்தோ உறுதிக் கடிதம் வேண்டும். அது இருந்தால் சாலைத் தேர்வுக்கான காத்திருப்புக் காலம் வெகுவாகக் குறையும். ஊரில் இருக்கும்போதே அரசின் லைசென்ஸ் இணையதளமான சாரதி போர்டலில் டிஎல் எக்ஸ்ட்ராக்டுக்கு (லைசென்ஸ் விவரச் சான்று) விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொண்டால், அங்கிருந்து ஆர்டிஓ ஆபீசுக்கு ஆள் அனுப்பி அலைய வேண்டியிருக்காது.

அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் ஒரு விதி கிடையாது. மாநிலம்தான் முடிவு செய்யும். கலிபோர்னியாவில் சுற்றுலா வந்தவர் ஊர் லைசென்ஸில் ஓட்டலாம். குடியேறிவிட்டவர் 10 நாளுக்குள் அந்த மாநில லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பக்கத்து மாநிலத்தில் இருக்கும் நண்பர் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

## இருசக்கர வாகனம்

தாய்லாந்து, வியட்நாம் போகிறவர்கள் அங்கே முதலில் எடுப்பது ஸ்கூட்டர். கடைக்காரர் லைசென்ஸே கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார். அவர் கேட்கவில்லை என்பதால் சட்டம் கேட்காது என்று ஆகாது. ஐடிபியில் ஏ பிரிவு மோட்டார் சைக்கிளுக்கு, பி பிரிவு காருக்கு. ஊரில் கார் லைசென்ஸ் மட்டும் எடுத்துவிட்டு பைக்கைச் சும்மா ஓட்டிப் பழகியவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களின் ஐடிபியில் ஏ பிரிவு காலியாகத்தான் இருக்கும். அங்கே கால் முறிந்து மருத்துவமனையில் கிடக்கும்போது, பயணக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் தாள்களில் ஓட்டுநர் உரிமமும் ஒன்று. அந்த வாகன வகைக்கு உரிமம் இல்லை என்றால் பாலிசி நிபந்தனைப்படி பணம் தர மறுக்கலாம்.

## இலங்கைக்குப் போகிறவர்கள்

இலங்கையும் 1949 ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனாலும் இந்திய ஐடிபியோடு நேரே யாழ்ப்பாணத்தில் வண்டி எடுத்துவிட முடியாது. கொழும்பிலுள்ள சிலோன் ஆட்டோமொபைல் சங்கத்தின் மேலொப்பம் அதில் வேண்டும். அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் தற்காலிகச் சாரதி அனுமதிப்பத்திரம் வாங்க வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே சுற்றுலாப் பயணிகளுக்குத் தற்காலிக அனுமதி கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இலங்கையிலிருந்து வெளிநாடு போகிறவர்களுக்கு ஐடிபி வழங்குவதும் அதே ஆட்டோமொபைல் சங்கம்தான்.

## தமிழ்நாட்டில் எடுப்பது எப்படி

வேலை சிக்கலானதல்ல. பரிவாகன் தளத்திலுள்ள சாரதி பக்கத்தில் படிவம் 4ஏ நிரப்பி, லைசென்ஸ், பாஸ்போர்ட் நகல்களை இணைத்து, 1,000 ரூபாய் கட்டி, உங்கள் முகவரிக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எல்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்காது. மருத்துவச் சான்றும் விசாவும் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை அந்த 2021 திருத்தமே நீக்கிவிட்டது. போய் இறங்கியதும் விசா தரும் நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய உதவி. பழைய புத்தக லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் முதலில் தங்கள் விவரம் சாரதியில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் அந்தப் பதிவை முடித்த பிறகுதான் ஐடிபி விண்ணப்பம் நகரும்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு தலைவலி, பெயர். லைசென்ஸில் "எஸ். முருகன்" என்றோ "முருகன் எஸ்" என்றோ இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த எஸ் விரிந்து, "சுப்பிரமணியன்" என்று குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். ஐடிபி, லைசென்ஸில் உள்ளபடியே அச்சாகும். வெளிநாட்டு வாடகைக் கார் கவுன்ட்டரில் இருப்பவருக்கு நம் இனிஷியல் முறை தெரியாது. பாஸ்போர்ட், லைசென்ஸ், ஐடிபி, ஓட்டுநரின் பெயரிலுள்ள கிரெடிட் கார்டு ஆகிய நான்கையும் பக்கத்தில் வைத்து ஒரே ஆள்தானா என்று பார்ப்பார். முரண்பட்டால் கார் தர மறுக்க அவருக்கு உரிமை உண்டு. அதனால் ஐடிபிக்கு முன், லைசென்ஸில் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றிவிடுங்கள். சாரதியிலேயே அதற்கு வசதி இருக்கிறது. கொஞ்சம் நாளாகும், டிக்கெட் போட்ட கையோடு இதைத் தொடங்கிவிடுவது நல்லது.

ஆன்லைனில் "பத்து வருட சர்வதேச லைசென்ஸ்" என்று டாலரில் விற்கும் தளங்களை நம்ப வேண்டாம். எந்த ஒப்பந்தத்திலும் பத்து வருட ஐடிபி கிடையாது. ஐக்கிய நாடுகள் சபை யாருக்கும் நேரடியாக ஐடிபி வழங்குவதும் இல்லை. லைசென்ஸ் ஒரு நாட்டில் இருக்க, ஐடிபி வேறொரு நாட்டின் தனியார் நிறுவனத்திடமிருந்து வந்திருந்தால், அது வெறும் அச்சடித்த தாள்.

## விபத்து நடந்தால்

வாடகைக் கார் நிறுவனம் ஐடிபி கேட்பதும், போலீஸ் கேட்பதும், காப்பீட்டு நிறுவனம் கேட்பதும் வேறு வேறு காரணங்களுக்காக. பிரிட்டனில் சட்டம் ஐடிபி கேட்காவிட்டாலும் வாடகை நிறுவனம் தன் நிபந்தனையில் கேட்கலாம். முன்பதிவு செய்யும்போதே அதைப் படித்துவிட வேண்டும்.

தண்டனை நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானில் செல்லத்தக்க உரிமம் இல்லாமல் ஓட்டினால் மூன்று வருடம் வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். ஜெர்மனியிலும் அது குற்றவியல் வழக்கு. ஒரு வருடம் வரை சிறைக்கு இடமுண்டு. விசாவை நம்பி வாழ்கிறவர்களுக்கு ஒரு குற்றப்பதிவு எவ்வளவு சுமை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்டனில் உரிமம் பொருந்தாமல் ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம். பெரும்பாலும் அதோடு காப்பீடு இல்லாமல் ஓட்டிய குற்றமும் சேரும்: 300 பவுண்டு, ஆறு பெனால்டி புள்ளிகள், காரைப் போலீஸ் எடுத்துப்போகவும் முடியும். பாலிசி எடுத்து மாதாமாதம் பணம் கட்டியிருந்தாலும், உரிமம் உள்ள ஓட்டுநருக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதுதான் பாலிசியின் நிபந்தனை. எதிரில் வந்தவருக்கு நிறுவனம் நஷ்டஈடு கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உங்களிடம் திரும்பக் கேட்கவும் கூடும்.

பிரிட்டனில் 12 மாதத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டவர் உடனே தனியாக ஓட்டுவதை நிறுத்த வேண்டும். புரொவிஷனல் கைக்கு வந்ததும் எல் பலகை மாட்டி, 21 வயது நிரம்பிய, மூன்று வருடமாவது முழு லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டலாம். அதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு, இப்போது தான் கற்றுக்கொள்ளும் ஓட்டுநர் என்று தெரியப்படுத்தி, அந்த மாற்றத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.